ஒன்பது மரத்தில் இலைக்கட்டு

மோர்டன், லண்டன்
18 மார்ச் 2024

யாக்கோப்புக்கு,

உன் கடிதம் வந்தது. உறையின் ஓரம் கிழிந்து, திரும்ப ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியது தபால்காரனா, நீயா, உனக்குப் பின்னால் நின்று எழுதச் சொன்னவனா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்வேன்.

பதின்மூன்று வருடம் ஒரு வரி எழுதாதவன் இப்போது நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். முதல் பக்கத்தில் சுகம் விசாரிக்கிறாய். இரண்டாம் பக்கம் முழுக்க மழை. மூன்றாம் பக்கத்தில் உன் பெண்சாதி றோஸ்மலரின் முழங்கால். நான்காம் பக்கத்தின் கடைசி மூன்று வரியில்தான் விசயம் இருக்கிறது. சின்னாற்றைப் பழைய தடத்துக்குத் திருப்பப் போகிறார்களாம், மீன் மறுபடி வர வேண்டுமாம், தாய்மடு இருந்த இடத்தை அக்கா சொல்ல வேண்டுமாம். மூன்று பக்கச் சோற்றுருண்டைக்குள் தூண்டிலை ஒளித்திருக்கிறாய். நான் மீன் இல்லை.

போனில் கதைத்தால் சுகம் என்றும் எழுதியிருக்கிறாய். ஏலாது. லண்டனுக்கு வந்த வருடம், அம்மாவின் குழிமேட்டில் நின்று, இனி உன் குரல் என் காதில் விழக்கூடாது என்று சத்தியம் பண்ணிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். நீ பக்கத்தில்தான் நின்றாய். எழுத்துக்கு நான் சத்தியம் பண்ணவில்லை. அதனால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை பிடிக்காதே.

ஏன் சத்தியம் பண்ணினேன் என்பது உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது. 1969, வைகாசி கடைசி. புதிதாகக் குடியேற்றிய ஆட்களின் வயலுக்குத் தண்ணீர் போக வேண்டும் என்று சின்னாற்றை நேராக வெட்ட டோசர் வந்தது. எங்கள் வேடர் சனத்தை ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் நான் விறகுக் கட்டோடு வரும்போது அந்த இரும்பின் மேல், சாரதிக்குப் பக்கத்தில், நீ உட்கார்ந்திருந்தாய். உனக்குப் பத்து வயது. மடியில் பச்சை நிறத் தகரப் பிஸ்கட் ரின். டோசர் அங்கே இங்கே போகவில்லை. நேரே தாய்மடுவுக்குள் போனது.

எங்கள் ஆட்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாத மடு அது. கோடையில் ஆறு வற்றும்போது கடைசி மீன்கள் போய் ஒதுங்குகிற ஆழம். வேறு மடுக்களில் காரைக்காய் இடித்துக் கலக்கி மீனை மயக்கிப் பிடிப்போம். தாய்மடுவில் பசி வந்தாலும் கை வைக்க மாட்டோம். அதை நீ ஒரு ரின் பிஸ்கட்டுக்குக் காட்டிக் கொடுத்தாய். டோசர் மடுவைக் குறுக்கே அறுத்து மண்ணால் மூடியது. மாரியில் ஏறி வந்த மீன் அடுத்த கோடையில் வெட்டுவாய்க்காலில் செத்து நாறியது. அதற்கு முன், 69 முடிய முன்னமே, அப்பாவும் செத்துப்போனார். கேட்ட நேரமெல்லாம் நீ நிலத்தைப் பார்த்தாய். அம்மாவின் குழிமேட்டில் கேட்டபோதும் நிலத்தைத்தான் பார்த்தாய்.

இப்போது இரண்டாம் தரம் மடுவைக் கேட்கிறாய். இந்த முறை ரின்னுக்குள் என்ன?

ஜெராட் என்று ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அவன் யாருடைய ஆள்? காசு யாருடையது? ஆறு திரும்பி மீனும் வந்த பிறகு அந்த மீனை யார் பிடிப்பது? மூன்றுக்கும் பதில் வரட்டும். பிறகு யோசிக்கிறேன்.

முழங்காலுக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடுக்கச் சொல். றோஸ்மலர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

மரியமலர்


பன்னிச்சைமுனை
9 ஏப்ரல் 2024

அக்காவுக்கு,

உறையைக் கிழித்து ஒட்டியது நான்தான். ஒட்டிய பிறகு றோஸ்மலர் வந்து, என் முழங்காலைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லையே என்று சண்டை பிடித்தாள். மூன்றாம் பக்கம் பிறகு சேர்த்தது.

ஜெராட் மட்டக்களப்புப் பெடியன். மீனைப் பற்றிப் படித்தவன். சம்பளம் கொழும்பில் இருக்கிற ஒரு அமைப்பு கொடுக்கிறது. அவர்களுக்குக் காசு எங்கிருந்து என்று கேட்டேன், மூன்று நாட்டின் பெயரைச் சொன்னான். முழங்கால் வரைக்கும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஆறு முழுக்க நடக்கிறான். பகல் சாப்பாடு எங்கள் வீட்டில். மீன் படித்தவனுக்கு நாங்கள் கடையில் வாங்கிய ரின்மீன் கறி வைத்துக் கொடுக்கிறோம். ஊரின் நிலைமையை இதைவிட நான் விளக்கத் தேவையில்லை.

ஆடி பிறக்க முன்னமே வாய்க்கால் காய்ந்துவிடுகிறது. போன வருடம் கடலோரக் களப்பிலிருந்து மணலை மீனும் விராலும் ஏறி வந்தன, நம்பி வந்தன. ஆடியில் ஒரு சாக்கு நிறையச் செத்த மீன் அள்ளிப் புதைத்தேன். தண்ணீரைப் பழைய வளைவுகளுக்குத் திருப்பி, கல்லும் மரக்குற்றியும் போட்டு, கரையில் மருது நட்டால் ஐந்து வருடத்தில் ஆறு ஆறாகும் என்கிறான் ஜெராட். ஆனால் கோடையில் மீன் ஒதுங்க ஒரு ஆழம் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண் என்று அவனே சொல்கிறான். புரட்டாசிக்குள் வெட்ட வேண்டும், மாரி வந்தால் வேலை நடக்காது, அடுத்த வருடம் காசு இல்லை.

வாய்க்கால் இரண்டு மைல். மூன்று இடத்தில் தோண்டிப் பார்த்தோம், வெறும் மணல். பத்து வயதில் நான் கண்ட இடத்தில் இப்போது ஒரு அடையாளமும் இல்லை. மடுவுக்குப் போகும் வழியைப் பெண்பிள்ளைகளுக்குத்தானே முறையாகக் காட்டுவது. மடுவைக் காக்க மரங்களில் இலைக்கட்டுக் கட்டப் போனவர்களில் இப்போது உயிரோடு இருப்பது நீ மட்டும்தான்.

மீனை யார் பிடிப்பது என்று கேட்டேன். "உங்கட ஆறு, நீங்கதான் ஐயா" என்கிறான்.

யாக்கோப்பு


மோர்டன்
29 ஏப்ரல் 2024

யாக்கோப்புக்கு,

"நீங்கதான் ஐயா" என்று வாயால் சொன்னானா, எழுத்தில் தந்தானா? வாயால் சொன்னவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். வெட்டுவாய்க்கால் வந்தால் வேடருக்கும் தலைக்கு இரண்டு ஏக்கர் வயல் என்று 69இல் வெள்ளை லோங்ஸ் போட்ட ஒருவர் வாயால் சொன்னார். அவரின் இடது கன்னத்தில் மரு இருந்தது. வயலைத்தான் இன்னும் காணவில்லை.

பிஸ்கட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. பார்த்தேன்.

இங்கே மோர்டனில் மகள் வீட்டுக்குக் கிட்ட ஒரு பூங்கா. அதற்குள்ளால் வாண்டில் என்று ஒரு ஆறு ஓடுகிறது. ஆறு என்று இவர்கள் சொல்கிறார்கள், சின்னாற்றின் பாதி அகலம். ஒரு காலத்தில் சாயப்பட்டறைத் தண்ணீரில் செத்துப்போயிருந்ததாம். போன கிழமை அதற்குள் மார்பு வரை ரப்பர் காற்சட்டை போட்ட பத்துப் பதினைந்து பேர் இறங்கி நின்றார்கள். சல்லிக்கல்லை வண்டி வண்டியாகக் கொட்டினார்கள். முழு மரத்தை வெட்டித் தண்ணீருக்குள் சரித்து, முளை அடித்து இறுக்கினார்கள். ஆற்றை அடைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மரத்துக்குப் பின்னால் தண்ணீர் அமர்ந்தது. அந்த அமைதிக்குள் குஞ்சுகள் வந்து நின்றன.

இதற்காகத்தான் அப்பாவும் ஆற்றில் விழுந்த மரத்தை இழுத்தெடுக்க விடாமல் தடுத்தார். அதற்கு அவரைக் காட்டுமிராண்டி என்றார்கள். இவர்களுக்கு ரப்பர் காற்சட்டை.

பேத்தி தாரகாவைக் கூட்டிப் போய், அவர்களில் வயதான ஒருவரிடம் கேட்கச் சொன்னேன்.

"இனி இந்த மீனைப் பிடிக்கலாமோ எண்டு கேள்."

அவர் நீளமாகச் சொன்னார். அவள் சுருக்கினாள். "பிடிக்கலாமாம் அம்மம்மா. பிடிச்சிட்டுத் திரும்ப விடோணுமாம்."

"ஏன், குஞ்சு மீனோ?"

"பெரிசெண்டாலும் விடோணுமாம்."

"அப்ப என்னத்துக்குப் பிடிக்கிறது?"

"சந்தோசத்துக்காம்."

நான் அந்த மனிதரை மேலும் கீழும் பார்த்தேன். பசி இல்லாதவனுக்கு மீன் விளையாட்டுச் சாமான். கொஞ்சம் தள்ளி ஒரு பலகை நட்டிருந்தது. அதையும் வாசிக்கச் சொன்னேன். இந்தப் பக்கம் மீன் பிடிக்கத் தடை என்று போட்டிருக்கிறதாம்.

பார்த்தாயா? முதலில் கல், பிறகு மரம், பிறகு மீன், கடைசியில் பலகை.

வீட்டில் மருமகன் குகநாதன், "மாமி, ஆத்தங்கரையில நிண்டு வெள்ளைக்காரரை விசாரணை பண்ணுறீங்களாமே. ஆராவது கவுன்சிலுக்குப் போன் அடிச்சுச் சொல்லப்போகினம்" என்றார். அவர் நல்ல மனிதர். ஆனால் அவருடைய ஆட்கள் வந்தால் என் மகள் "அம்மா மட்டக்களப்புப் பக்கம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். வேடர் என்ற சொல் இந்த வீட்டில் சத்தமாக வருவதில்லை. அதையும் நான் மறக்கப் போவதில்லை.

ஜெராட் கையெழுத்துக் கேட்டுக் கடதாசி தந்திருப்பான். நீ வாசிக்காதே, உனக்கு எல்லாம் நல்லதாகத்தான் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிரியம்வதா ரீச்சரிடம் கொடு. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசிக்கட்டும்.

மரியமலர்


பன்னிச்சைமுனை
20 மே 2024

அக்காவுக்கு,

எழுதவே கை கூசுகிறது. நீ சொன்னது சரி.

ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மரத்தடியில் இருந்து உரக்க வாசித்தா. முதல் ஆறு பக்கமும் தேன். ஏழாம் பக்கத்தின் அடியில், எறும்பு போன்ற எழுத்தில் இருந்தது: வேலை முடிந்த பிறகு நீரோடையும் இரு கரையும் பாதுகாக்கப்பட்ட பகுதி, அனுமதி இல்லாமல் மீன் பிடித்தல், விறகு எடுத்தல், நுழைதல் கூடாது. ரீச்சர் "நுழைதல்" என்பதை இரண்டு தரம் வாசித்தா. அனுமதி யார் தருவது என்று அதில் இல்லை.

ஜெராட்டுக்கு முகம் கறுத்துப்போனது. எல்லா ஆற்றுக்கும் ஒரே படிவமாம், தான் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லையாம். "படிச்சவன் நீ, பாக்கேல்லையோ? படிக்காத ஒருத்தி லண்டனில இருந்து பாத்திட்டாளே" என்று றோஸ்மலர் கேட்டாள். அன்று அவன் சாப்பிடாமல் போனான். நான்கு நாள் கழித்து வந்து, கொழும்புக்கு எழுதியிருக்கிறேன், மாற்றாவிட்டால் நானும் வேலையை விடுவேன் என்றான். நம்புவதா என்று தெரியவில்லை. நான் கையெழுத்து வைக்கவில்லை. ஒருவரும் வைக்கவில்லை.

இன்னொன்று. இடம் தெரிந்தால் மடு வரைக்கும் மரங்களில் சிவப்பு நாடா கட்டி விடுவோம், மெசின்காரர் பிழை விடமாட்டார்கள் என்று கேட்டான். நான் நாடா கூடாது என்றேன். கொஞ்சம் கத்திவிட்டேன் போலிருக்கிறது. ஏன் ஐயா என்று கேட்டான். நான் சொல்லவில்லை. உனக்கும் எழுத மாட்டேன்.

யாக்கோப்பு


மோர்டன்
8 ஜூன் 2024

யாக்கோப்புக்கு,

எழுத மாட்டேன் என்று எழுதுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். எழுதக்கூடாது என்றால் அந்த வரியையே எழுதியிருக்கக் கூடாது. உனக்குச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. சின்ன வயதில் கோழி முட்டையை உடைத்துவிட்டு வந்து நிற்பாயே, அதே நிற்பு.

மரத்தில் நாடா கட்டினால் உனக்கென்ன? மரத்தில் கட்டுவது நம் வழக்கம்தானே. வைகாசி பிறந்ததும் மடுவைச் சுற்றி இலைக்கட்டுக் கட்டுவோம். அதைக் கண்டால் நம் ஆட்கள் அதற்கப்பால் ஒரு அடி வைக்க மாட்டார்கள், நாயைக்கூட இழுத்துப் பிடித்துக்கொண்டு திரும்புவார்கள். அந்த வருடம் கட்டியது நான். பெரிய வளைவிலிருந்து மடு வரைக்கும் ஒன்பது மரம். முதலாவது பாலை, இரண்டாவது வீரை, பிறகு இரண்டு மருது. நாவல் இலையை மூன்றாக மடித்து, ஆத்தி நாரால் இரண்டு சுற்று. முடிச்சு எந்தப் பக்கம் விழுந்தது என்று கேள், அதையும் சொல்வேன்.

உன் நினைவில் ஏதோ ஒளிந்திருக்கிறது. ஏழாம் பக்கத்தில் அந்த அமைப்பு ஒளித்தது போல நீயும் ஒளிக்கிறாய். அவர்களிடம் எதைக் கேட்டேனோ அதையே உன்னிடமும் கேட்கிறேன். முழுதாக எழுது. எழுதாவிட்டால் மடு என்னோடு இந்த மண்ணுக்குள் போகும். மோர்டன் இடுகாட்டில் தோண்டிப் பாருங்கள்.

மரியமலர்


பன்னிச்சைமுனை
30 ஜூன் 2024

அக்காவுக்கு,

சாகும் வரை சொல்லாதே என்றார் அப்பா. யார் சாகும் வரை என்று சொல்லவில்லை. அவர் போய் ஐம்பத்தைந்து வருடமாகிறது. எழுதுகிறேன்.

டோசர்க்காரனுக்குத் தமிழ் வராது. எனக்கு அவன் பாசை வராது. பிஸ்கட் தந்தது முதல் நாளே, ஒரு பிள்ளை வேடிக்கை பார்க்கிறதே என்று. மடுவைப் பற்றி அவன் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. முன்னமே வந்து நிலம் அளந்த ஐயா வழி நெடுக மரங்களில் வெள்ளைச் சீலைத் துண்டு கட்டிவிட்டுப் போயிருந்தார். துண்டைக் காண்பான், அந்த மரத்தை நோக்கி ஓட்டுவான். அவ்வளவுதான் அவன் வேலை. இரண்டு நாள் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

மூன்றாம் நாள், பெரிய வளைவடியில், துண்டுகள் முடிந்துவிட்டன. இறங்கி நின்று நாலு பக்கமும் பார்த்தான். அப்போது உன் இலைக்கட்டைக் கண்டான். அதற்கப்பால் இன்னொன்று. அளந்த ஐயாவுக்குச் சீலை தீர்ந்து, மிச்சத்துக்கு இலையைக் கட்டியிருக்கிறார் என்று நினைத்திருப்பான். முகம் வெளித்தது. ஏறி, பாலை மரத்தை நோக்கித் திருப்பினான்.

நீ ஏன் கத்தவில்லை என்று கேட்பாய். எனக்குப் பயமே வரவில்லை அக்கா. "அது என்ட அக்கா கட்டினது" என்று பெருமையாக அவனுக்குச் சொன்னேன். கட்டைக் கண்டால் மனிதன் நிற்பான் என்றுதான் எனக்குத் தெரியும். கட்டைத் தாண்டிப் போன ஒருவனை அதுவரை நான் கண்டதில்லை. இந்த மரத்தில் நிற்பான், அடுத்த மரத்தில் நிற்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது மரம் விழுந்தது. பிறகு தண்ணீர்.

பொழுதுபட அப்பா போய் விழுந்த மரங்களைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன்ட அக்கா கட்டினதப் பாத்துத்தான் வந்தவன் எண்டு அவள் அறியப்படாது. அறிஞ்சா ஆத்தில விழுந்திருவாள். நீ பிஸ்கட்டுக்குக் காட்டினதெண்டே இருக்கட்டும்டா. நீ ஆம்பிளப்பிள்ள, தாங்குவாய்" என்றார்.

தாங்கினேன். இப்போது உனக்கு எழுபத்தைந்து வயது. உன்னைச் சுற்றி இருக்கிற ஆறும் முழங்காலளவுதான் என்று எழுதியிருந்தாய். அதனால்தான் துணிந்தேன்.

நாடா ஏன் கூடாது என்றேன் என்பது இப்போது உனக்குத் தெரியும்.

யாக்கோப்பு


மோர்டன்
3 ஆகஸ்ட் 2024

யாக்கோப்புக்கு,

வாண்டில் பாதி அகலம் என்றுதான் எழுதினேன். முழங்காலளவு என்று நான் எழுதவில்லை. என் கடிதத்தைச் சரியாக வாசி.

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

முதலில் நான் நம்பவில்லை. மடுவைக் கறக்க நீயும் றோஸ்மலரும் சேர்ந்து கட்டிய கதை என்று நினைத்தேன். அப்பாவே எழும்பி வந்து சாட்சி சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன். நம்ப வைத்தது நீ கவனிக்காமல் எழுதிய ஒரு வரி. பெரிய வளைவடியில் துண்டுகள் முடிந்துவிட்டன என்று எழுதியிருக்கிறாய்.

அளந்த ஐயாவுக்குச் சீலை தீரவில்லை, யாக்கோப்பு. நான் அவிழ்த்தேன்.

நான்கு துண்டு. நல்ல தடித்த வெள்ளைச் சீலை, கஞ்சி போட்டது. என் சட்டையின் கக்கத்தில் கிழிந்திருந்தது, கையைத் தூக்கினால் தெரியும். காட்டில் யாரோ மரத்துக்குச் சீலை உடுத்தியிருக்கிறார்கள், எனக்கு ஒட்டுப் போடச் சீலை இல்லை என்று நினைத்துக்கொண்டு அவிழ்த்தேன். அந்த நான்கு துண்டும் வளைவடியில் மேட்டுப் பக்கம் திரும்பிப் போயிருந்தன, மடுவை விட்டு விலகி. அவை மரத்திலேயே இருந்திருந்தால் வாய்க்கால் மேட்டால் போயிருக்கும். ஆறு நேராகியிருக்கும், ஆனால் தாய்மடு தப்பியிருக்கும்.

அந்தச் சட்டையின் நிறம் எனக்குத் தெரியும். ஒட்டுப் போட்ட நூல் சிவப்பு. டோசரின் சத்தமும் தெரியும். இரண்டும் ஐம்பத்தைந்து வருடமாக என் தலைக்குள்தான் இருந்தன, ஒன்று ஒரு மூலையில், மற்றது இன்னொரு மூலையில். எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கிறேன் என்று பெருமைப்பட்டவள் இரண்டையும் ஒருநாள்கூடப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. இது அப்பாவுக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது. நான் சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரிந்திராது. ஏழாம் பக்கத்தை மற்றவர்களிடம் கேட்டவள், என் ஏழாம் பக்கத்தை மறைக்கக் கூடாது.

இதனால் உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. ஐம்பத்தைந்து வருடம் பிழையான ஆளை ஏசியிருக்கிறேன். ஏசவிட்டவன் நீ. அம்மா செத்த வீட்டில் நீ சோற்றுக் கோப்பையை நீட்டினாய், நான் வாங்கவில்லை. தாங்குவாய் என்று அப்பா உனக்குச் சொன்னாராம். எனக்குத் தாங்கத் தெரியாது என்று யார் அவருக்குச் சொன்னது?

இனி மடு.

வெட்டுவாய்க்கால் பக்கமிருந்து தேடாதே. களப்புப் பக்கமிருந்து வா, மீன் வருகிற வழியால். ஆற்றுவாயில் ஆமைப்பாறை இருக்கும், அதை டோசர் தின்றிருக்காது. காலை வெயிலில் அதன்மேல் ஏறி நில். உன் நிழல் விழுகிற பக்கம் இரண்டு கூப்பிடு தூரம் நட. வெறுங்காலோடு நட. அந்தப் பெடியனையும் சப்பாத்தைக் கழற்றச் சொல். ஓரிடத்தில் கோடையிலும் உள்ளங்கால் குளிரும். அங்கே தோண்டு. இடுப்பளவில் கறுப்புச் சேறும் மட்டி ஓடும் வரும். வடக்கு ஓரத்தில் அம்மி போல ஒரு தட்டைக்கல் இருக்க வேண்டும். தண்ணீர் அதன் மேலால்தான் மடுவுக்குள் விழும். கல்லை அசைக்கக் கூடாது.

ஏழாம் பக்கம் மாறி, பிரியம்வதா ரீச்சர் திரும்ப வாசித்து, சனம் எல்லாம் கேட்ட பிறகுதான் இதை ஜெராட்டுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன் சொன்னால் எனக்குத் தெரியவரும். மரத்தில் நாடா, சீலை, இலை ஒன்றும் வேண்டாம். மெசின் ஊரை விட்டுப் போன பிறகு இலைக்கட்டுக் கட்டலாம்.

மரியமலர்


பன்னிச்சைமுனை
21 செப்டெம்பர் 2024

அக்காவுக்கு,

நான்கு துண்டுச் சீலையை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லப் போவதுமில்லை. எனக்குத்தான் பழக்கம் இருக்கிறதே.

ஏழாம் பக்கம் மாறி வந்தது. தாய்மடுவில் ஒருவரும் மீன் பிடிப்பதில்லை, மற்ற இடமெல்லாம் பன்னிச்சைமுனைச் சனம் வழக்கம்போல் பிடிக்கலாம், நுழைவதற்கு யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை என்று இருக்கிறது. ரீச்சர் இரண்டு தரம் வாசித்தா. பிறகு றோஸ்மலர் தன் பங்குக்குக் கடதாசியை வெயிலில் தூக்கிப் பிடித்து, அடியில் வேறு எழுத்து ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தாள். உன்னிடம் படித்தது.

ஜெராட் சப்பாத்தைக் கழற்றினான். இரண்டு தரம் முள் குத்தியது. "இது எந்தப் பாடப்புத்தகத்திலயும் இல்ல ஐயா" என்று முனகிக்கொண்டே வந்தான். பிறகு ஓரிடத்தில் தானாகவே நின்றான். நான் அவனைப் பார்த்தேன். அவன் தன் காலைப் பார்த்தான்.

கறுப்புச் சேறு. மட்டி ஓடு. கல் இருக்கிறது, அசைக்கவில்லை. வெட்டி முடிந்து, கரையில் குற்றிகளும் இறக்கியாயிற்று. மெசின் வெள்ளிக்கிழமை போனது. இனி மழைதான் பாக்கி.

யாக்கோப்பு


மோர்டன்
4 நவம்பர் 2024

யாக்கோப்புக்கு,

கல் இருக்கிறது என்று நீ எழுதுகிறாய். நான் எப்படி நம்புவது? படம் பிடித்து அனுப்பலாம் என்பாய். படத்தில் எந்தக் கல்லும் அம்மிதான்.

அந்தக் கல்லின் மேலால் தண்ணீர் விழும்போது இரண்டு சத்தம் வரும். ஒன்று மெல்லியது, விடாமல் வரும். மற்றது தடித்தது, மூச்சு விடுவது போல நின்று நின்று வரும். கல் ஒரு விரல் சரிந்தாலும் இரண்டாவது சத்தம் வராது.

டிசம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. உன் நேரம் பின்னேரம் நாலரை, எனக்குப் பகல் பதினொன்று. தாரகாவின் போனிலிருந்து எடுப்பேன். எடுத்ததும் நீ வாய் திறக்கக் கூடாது. ஹலோவும் சொல்லக்கூடாது. சத்தியம் சத்தியம்தான், பிழையான ஆளின்மேல் பண்ணினாலும் அம்மாவின் குழிமேட்டில் பண்ணியது. போனைக் கல்லுக்குக் கிட்டப் பிடி. நான் கேட்டு முடிந்ததும் வைத்துவிடுவேன்.

சரியில்லை என்றால் எழுதுவேன்.

மரியமலர்


மோர்டன்
17 டிசம்பர் 2024

தம்பி யாக்கோப்புக்கு,

மெல்லிய சத்தம் உடனே கேட்டது. தடித்தது கேட்கவில்லை. கல்லை அசைத்துவிட்டு எனக்குப் பொய் எழுதியிருக்கிறாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தாரகா போனை வாங்கப் பார்த்தாள், கொடுக்கவில்லை. பிறகு வந்தது. நின்று, மறுபடி வந்தது. அதே மூச்சு.

சமையலறை வாசலில் குகநாதன் நின்றிருந்தார். "ஆரோட மாமி இவ்வளவு நேரம் பேசாமல் கதைக்கிறியள்?" என்று கேட்டார். "எங்கட வேடர் ஊர் ஆத்தோட" என்று சத்தமாகச் சொன்னேன். மகள் கறிக்கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். அவர் போய் ரேடியோவைக் குறைத்தார்.

அடுத்த வைகாசிக்கு இலைக்கட்டு யார் கட்டுவது என்று றோஸ்மலரைக் கேட்டுச் சொல். நாவல் இலை, மூன்று மடிப்பு, ஆத்தி நார், இரண்டு சுற்று. முடிச்சு ஆற்றுப் பக்கம் விழ வேண்டும். ஏழாம் பக்கத்தின் பிரதி ஒன்று எனக்கும் அனுப்பு. அவர்கள் நல்லவர்கள் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

இன்னொன்று. தண்ணீருக்கு நடுவில் நீ இருமினாய். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். தெரிந்துதான் இருமினாயா என்று எனக்குச் சந்தேகம். இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். இருமல் குரலில் சேராது. சத்தியம் அப்படியே இருக்கிறது.

கோடை வர முன் இன்னொரு தரம் போன் எடுப்பேன். இருமல் தடிமன் பிடித்திருந்தால் அதுவரை மருந்து எடுக்காதே.

அக்கா
மரியமலர்